லேசு வேலைச் சீட்டு

என் புருஷன் மாயாண்டி பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேர் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் சொல்லக்கூடாத இடத்தில் பொய் வரும் போலிருக்கிறது. டாக்டர் கேட்ட மூன்று கேள்விக்கும் மூன்று பொய் சொல்லிவிட்டு வந்தார். ஆள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருப்பது இலங்கையில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். நான் கொழுந்து எடுக்கிறவள், பேர் பேச்சியம்மா. அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். காய்ந்த தூளைச் சல்லடையில் போட்டு ரகம் பிரிக்கிற அறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றார். அந்த அறைக்குள் பத்து நிமிஷம் நின்றால் புருவமெல்லாம் பழுப்பாகிவிடும். தேயிலையிலிருந்து கிளம்புகிற மெல்லிய பஞ்சு பறந்து பறந்து உத்திரத்திலும் சுவரிலும் ஒட்டிக் கிடக்கும். ஈரக்காற்று பட்டால் தூள் நமுத்துப்போகும் என்று ஜன்னலைச் சாத்தியே வைப்பார்கள். தேயிலை நமுக்கக்கூடாது, மனுஷன் என்ன ஆனாலும் பரவாயில்லை. வெளிநாட்டில் எங்கள் தோட்டத்துத் தூளுக்கு நல்ல பேராம்.

ஸ்டோரிலிருந்து லயத்துக்கு எண்பத்தேழு படி. கல்யாணமான புதிதில் தோளில் விறகுக் கட்டோடு நிற்காமல் ஏறி வருவார். நாற்பது வயசு தாண்டியதும் நடுப்படியில் நின்று பீடி பற்றவைக்க ஆரம்பித்தார். அப்புறம் மூன்று இடத்தில் நின்று மூன்று பீடி. ஆசைக்குப் பிடிக்கிறார் என்று நானும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கொழுந்து நிறுத்துவிட்டு அவருக்குப் பின்னாலேயே வந்தேன். அப்போதுதான் பார்த்தேன், தீக்குச்சியைக் கிழிக்கக்கூடத் தெம்பில்லாமல் நெருப்புப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தோளெல்லாம் ஏறி இறங்க நின்றார். மூச்சு வாங்கி நிற்கிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. பீடி பிடிக்க நிற்கிறான் என்று சொன்னால் பரவாயில்லை. ஆம்பளைக் கௌரவத்தைக் காப்பாற்ற ஒரு நாளைக்கு ஒரு கட்டுப் பீடி செலவானது.

காலையில் எழுந்தால் அரைமணி நேரம் இருமல், சளி. பக்கத்துக் காம்பரா வீட்டு ராக்காயி மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கு வந்தால் என் குடத்தை விட்டு ஒரு முழம் தள்ளித் தன் குடத்தை வைக்கத் தொடங்கினாள். காசம் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். எனக்கும் அந்தப் பயம்தான். தோட்டத்து டிஸ்பென்சர் கணேசமூர்த்தி ஐயா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு ஹட்டனுக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தோம். காசம் இல்லை என்று வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக இவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"பாத்தியா? எனக்கு ஒண்ணுமில்ல."

காசம் இல்லையென்றால் நோயே இல்லை. எங்கள் ஜனங்களுக்கு நெஞ்சில் ஒரே ஒரு வியாதிதான் தெரியும்.

கணேசமூர்த்தி ஐயாதான் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனுஷர், கொஞ்சம் பயந்த சுபாவம்.

"மாயாண்டி, காசம் இல்லேங்கிறது சந்தோசந்தான். ஆனா ஒன் நெஞ்சுக்குள்ள காத்துப் போற குழாயெல்லாம் வீங்கிச் சுருங்கிக் கெடக்கு. காத்து உள்ள போயிருது, வெளிய வர முடியல. பழைய காத்து உள்ளயே தங்கிட்டா புதுக் காத்துக்கு எடமேது? அதான் நாலு படி ஏறுனா மூச்சு முட்டுது."

"மருந்து குடிச்சா சரியாப் போகுங்களா ஐயா?" என்று நான் கேட்டேன்.

"போனது போனதுதான் பேச்சியம்மா. இருக்குறதக் காப்பாத்தலாம். வெள்ள மாத்திர தாரேன், ரொம்ப முட்டுனா ஒண்ணு போடட்டும். அது நோவத் தீக்காது, அந்த நேரத்துக்கு லேசாக்கும். காப்பாத்துறதுன்னா மூணு வேணும். பீடிய விடணும். வீட்டுக்குள்ள அடுப்புப் பொக இருக்கக்கூடாது. ஸ்டோர்த் தூசிய விட்டு வெளிய வரணும்."

மூச்சு விடவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். முட்டும்போது பயந்துபோய் அள்ளி அள்ளி இழுக்கக் கூடாது. குனிந்து உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, சூடான தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விடவேண்டும். இழுக்க இரண்டு எண்ணினால் விட நாலு எண்ணவேண்டும். படுக்கையில் தலைமாட்டை உயர்த்த வேண்டும். நாற்பத்தைந்து வயசில் ஒரு மனுஷனுக்கு மூச்சு விடச் சொல்லித் தருகிறார்கள். இவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சொன்னால் சொன்னதுதான். காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்புத் திண்ணையைத் தகரம் அடித்து மூடி, அதற்குள் அடுப்புப் போட்டிருந்தோம். எங்கள் பெண்ணைக் கந்தப்பளைப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அவரே அடித்த தகரம். புகை போக ஒரு பொந்து கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவ்வாத்துக் கத்தியின் பின்புறத்தால் ஆணியை நெம்பித் தகரத்தை எடுத்துவிட்டேன். மழை நேரம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சமைத்தேன். பச்சை விறகு எரிக்கவில்லை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தேயிலை மிலாறு பொறுக்கி வந்து, காய்ந்ததை மட்டும் அடுப்பில் வைத்தேன். ராக்காயி சும்மா இருப்பாளா?

"மாளிகைய இடிச்சுட்டாளே பேச்சி" என்று சொல்லிச் சிரித்தாள்.

"ஒன் மாளிகையும் கறுத்துத்தான் கெடக்கு. உள்ள வந்து காட்டட்டா?" என்றேன்.

பீடியும் ஒரு கட்டிலிருந்து நாலாகக் குறைந்தது. சும்மா குறையவில்லை, ஒவ்வொரு பீடிக்கும் ஒரு சண்டை. இரண்டு மாதத்தில் காலை இருமல் பாதியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மேட்டுக்கு ஒரே ஒரு இடத்தில் நின்று ஏறிவிடுவார். திங்கட்கிழமை ஸ்டோரிலிருந்து வரும்போது பழைய கதைதான். செவ்வாய் இன்னும் மோசம். சனிக்கிழமை வந்தால் பேச்சு இரண்டிரண்டு வார்த்தையாக உடைந்துவிடும். மறுபடி ஞாயிறு ஓய்வு, மறுபடி கொஞ்சம் தெளிவு. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே இது புரிந்தது. புகையை நான் நிறுத்திவிட்டேன், பீடியையும் முக்கால்வாசி நிறுத்திவிட்டேன். அந்தத் தூசியை நிறுத்தத்தான் என் கையில் அதிகாரம் இல்லை. அவரை அந்த அறையை விட்டு வெளியே கொண்டுவரவேண்டும். அதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை.

தேயிலைக் கன்று வளர்க்கிற நாற்றுமேடையில் ஒரு ஆள் குறைவாக இருந்தது. உட்கார்ந்து களை பிடுங்கி, கன்றுக்குத் தண்ணீர் தெளிக்கிற லேசு வேலை, திறந்த வெளி. கணேசமூர்த்தி ஐயா ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் பேசினார், நானும் போய் நின்றேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காரில் வருகிற பெரிய டாக்டர் பார்த்து, லேசு வேலைதான் கொடுக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் மாற்றுவதாகத் தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார் என்றார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன். பிழைக்கவேண்டியவருக்கு அல்லவா வாய் வேண்டும்?

ஒரு வாரம் அவருக்குப் பாடம் நடத்தினேன். "நடக்க முடியலன்னு சொல்லுங்க. படி ஏறுனா முட்டுதுன்னு சொல்லுங்க. படி ஏறி வந்த கையோட உள்ள போங்க, அப்பத்தான் நெஞ்சுல சத்தம் கேக்கும். அன்னிக்கு மாத்திர போடாதீங்க. ஐயாவும் அப்படித்தான் சொன்னாரு."

"சரி சரி" என்றார். நான் நம்பினேன்.

வியாழக்கிழமை காலையில் நான் அரைநாள் லீவு கேட்டு டிஸ்பென்சரிக்குப் போனபோது அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். டிஸ்பென்சரிக்குப் பின்னால் கருப்பந்தேயிலை மரத்தடியில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாராம். முகத்தில் சவரம், தலையில் எண்ணெய், பெண் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. மாத்திரை ஒன்றல்ல, இரண்டு போட்டிருக்கிறார் என்று சாயங்காலம் டப்பியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பேரைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை மாதிரி நடந்து உள்ளே போனார். நான் கதவோரம் நின்றேன். டாக்டர் இங்கிலீஷில் கேட்க, கணேசமூர்த்தி ஐயா தமிழில் சொன்னார்.

"மூச்சு முட்டுதா?"

"இல்லீங்க."

"இருமல், சளி?"

"எல்லாருக்கும் உள்ளதுதானுங்க. காலம்பற கொஞ்சம்."

"படி ஏறுவியா?"

"ஏறுவேனுங்க தொர."

ஐயா தமிழை விட்டுவிட்டு டாக்டரிடம் இங்கிலீஷில் என்னவோ வேகமாகச் சொன்னார். டாக்டர் குழாயை முதுகில் வைத்துப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தி, வாயை மூடி, ஒரு செருமல்கூட வராமல் இவர் நின்றார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தது, பார்க்கவேண்டியவருக்குத் தெரியவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"பொய் சொல்றாருங்க" என்று உள்ளே போனேன். "எண்பத்தேழு படி ஏற நாலு எடத்துல நிக்கிறாருங்க. வேணும்னா இப்ப நடக்கச் சொல்லிப் பாருங்க."

ஐயா இங்கிலீஷில் சொன்னதும் டாக்டர் என்னையும் அவரையும் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார். ஐயா அதைத் தமிழில் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சொன்னார். புருஷன் வேலை செய்கிறேன் என்கிறான், பெண்டாட்டி வேண்டாம் என்கிறாள், இப்படி ஒரு அதிசயத்தை டாக்டர் பார்த்ததே இல்லையாம். காசம் இல்லை என்கிற படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்த வேலைக்கும் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தவர் என் பக்கத்திலேயே வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

இறக்கத்தில் நான் விறுவிறு என்று முன்னால் நடந்தேன். டிஸ்பென்சரி கண்ணுக்கு மறைந்ததும் அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து இருமத் தொடங்கினார். அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து வந்தது. உதடு நீலமாயிற்று. ஊதுங்க, மெதுவா ஊதுங்க என்று முதுகைத் தடவினேன். அடங்கியதும் கேட்டேன்.

"ஏன் இப்பிடிப் பண்ணுனீங்க?"

"முடியலன்னா பேர வெட்டிருவாங்க. லயத்த விட்டு எறங்கணும்."

"எம் பேரு செக்ரோல் பதிவுல இருக்கே. லயம் எங்க போகப்போகுது?"

"பொம்பள பேருல இருக்குற காம்பராவுல நான் படுத்துக் கெடக்கவா?"

அவரைப் பிடித்து உலுக்கலாம் என்று வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்காமலே சொன்னார்.

"ஒம்போது வயசுல இங்க வரும்போது கப்பல் ஏத்துறதுக்கு முன்ன மண்டபத்து முகாம்ல சீக்கு இருக்கான்னு பாக்க வரிசையா நிக்க வச்சாங்க. எங்கக்கா இருமுனுச்சு. அத வரிசைய விட்டுத் தனியா நிறுத்திட்டாங்க. எங்காத்தா அதுகூட நின்னுக்குச்சு. எங்கப்பா என் வாயப் பொத்தி, நெஞ்ச நிமித்துடா, இருமாதடான்னு இழுத்துக்கிட்டுக் கப்பல் ஏறுனாரு. பின்னால வருவாங்கன்னாரு. வரல. அதுக்கப்புறம் ரெண்டு பேரு மொகத்தையும் நான் பாக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னிக்கு இந்த டாக்டரு குழாயக் கழுத்துல போட்டுக்கிட்டு முன்னால வந்ததும் நெஞ்சு தானா நிமிந்துருச்சு பேச்சி. நான் என்ன பண்ணட்டும்?"

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு மனுஷி என்ன செய்வாள், கையைப் பிடித்துத் தூக்கி நடக்க வைத்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தச் சீட்டு வந்த பிறகு கணேசமூர்த்தி ஐயா இரண்டு நாள் ஓய்வு எழுதிக் கொடுத்தாலும் டீமேக்கர் ஏற்கவில்லை. பெரிய டாக்டரே தகுதி என்று எழுதிய ஆளுக்கு என்ன ஓய்வு? சித்திரை மாதம் மழை விழுந்து கொழுந்து குவிந்தது. ஸ்டோர் இரவு பகலாக ஓடியது. மூக்கிலும் வாயிலும் கட்ட ஈரத்துணி கொடுத்து அனுப்பினேன். அதைக் கட்டினால் மூச்சு இன்னும் முட்டுகிறது என்று இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். வேலை முடிந்து படியேற ஒரு மணி நேரம் ஆனது. பீடியைச் சுத்தமாக விட்டுவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லலாம். இழுக்க மூச்சு இருந்தால்தானே பிடிப்பார்?

அடுத்த தடவை டாக்டர் வந்தபோது இரண்டு பேர் தாங்கிப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். அப்போது ஒளிக்க அவரிடம் எதுவும் மிச்சமில்லை. டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். இவ்வளவு நாள் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"போன தடவ நான் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க" என்றேன்.

கணேசமூர்த்தி ஐயா அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. அவருக்கும் உத்தியோகம் வேண்டுமே. டாக்டர் லேசு வேலை என்று எழுதி நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நாற்றுமேடை வேலை அவருக்கு ஐந்து வாரம் கிடைத்தது. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு நான் போகும் வழியில் மெதுவாக நடத்திக் கூட்டிப்போய் விடுவேன். வாளி தூக்க முடியாது, சிரட்டையால் தண்ணீர் தெளிப்பார். மத்தியானம் போய்ப் பார்த்தால் பலகையில் உட்கார்ந்து உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருப்பார், முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். "இங்க காத்து நல்லாருக்கு புள்ள. முன்னாடியே வந்திருக்கணும்" என்று ஒருநாள் சொன்னார். அந்த ஐந்து வாரமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆடி மாதத்துக் குளிரில் சளிக்காய்ச்சல் வந்தது. பழைய நெஞ்சு தாங்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது உட்கார்ந்தபடியே என் தோளில் சாய்ந்தார்.

எடுத்துப் போட்டு எட்டாம் நாள் துக்கம் கேட்கச் சண்முகவடிவு வந்தாள். அவள் புருஷன் அழகுமுத்து, இவரோடு பன்னிரண்டு வருஷம் அதே அறையில் நின்றவன். அவனுக்கும் இருமல் தொடங்கியிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையான பாசத்தோடுதான் பேசினாள்.

"டிஸ்பென்சரய்யா இவருக்கும் லேசு வேலைக்கு எழுதச் சொல்றேங்கிறாருக்கா. நாங்க வேணாம்னுட்டோம். ஸ்டோர்ல நின்ன வரைக்கும் அண்ணன் நல்லாத்தான இருந்தாரு. ஒக்கார வச்சாங்க, அஞ்சே வாரம், ஆளு போயிட்டாரு."

சுற்றி இருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். லயம் முழுக்க அதுதான் பேச்சு என்று அப்போதுதான் தெரிந்தது. வேலை செய்த உடம்பை உட்கார வைத்ததால் மாயாண்டி செத்தான். சீட்டுக்கு அலைந்தது பெண்டாட்டி. அப்படியானால் கொன்றது யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் கத்தினேன். தூசி என்றேன், குழாய் என்றேன், போன மூச்சு திரும்பாது என்றேன். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று ராக்காயி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் ஸ்டோர் வாசலில் போய் நின்றேன். அழகுமுத்து வந்தான். அவன் சின்ன வயசுக்காரன், முப்பத்தைந்து இருக்கும். அவனுக்கு இன்னும் காப்பாற்ற மூச்சு இருக்கிறது. டாக்டர் வரும்போது உள்ளதைச் சொல், இப்போதே வெளியே வந்துவிடு என்று கெஞ்சினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்க்கா" என்றான். "ஆனா அந்தச் சீட்டு வந்தன்னிக்கு நீங்க இல்லாதப்ப அண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. என்னைய ஒக்கார வச்சுட்டாங்கடான்னு அழுதாரு. நான் பாத்தேன். எனக்கு அது வேணாம்க்கா."

"அதுக்கப்புறம் அஞ்சு வாரம் நல்லா இருந்தாருடா. நான் பாத்தேன்."

"அஞ்சு வாரந்தானக்கா."

அவர் அழுதது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தச் சீட்டை நான் வாங்கித்தான் இருப்பேன். அவன் இருமிக்கொண்டே உள்ளே போனான், நான் கொழுந்து எடுக்க மலைக்குப் போனேன்.